ஓசூர்க்காரர்கள் எங்கே கப்பலேறுவது?

ஓசூர் சிப்காட் பக்கம் குடியிருக்கும் வாசகி ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. அதில் குடும்பத்தோடு ஒரு கப்பல் பயணம் போக வேண்டும் என்பது ஆசை. ஆசை அவருடையதுகூட இல்லை, மாமியாருடையது. மாமியாரின் அப்பா பினாங்கில் வேலை பார்த்துவிட்டு 'ரஜூலா' கப்பலில் ஊர் திரும்பியவராம். சின்ன வயதில் கேட்ட அந்தக் கப்பல் கதைகளை அறுபத்தெட்டு வயதிலும் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் வாசகியின் தம்பி, "சென்னையில் எல்லாம் எதற்கு? மே மாதம் இங்கே வந்துவிடுங்கள், கரீபியன் தீவுகளுக்கே கூட்டிப்போகிறேன்" என்கிறாராம். சென்னையா, மும்பையா, அமெரிக்காவா என்பதுதான் கேள்வி.

கப்பல் பயணம் என்றதும் நாம் எல்லாரும் முதலில் எந்தெந்த ஊரைக் காட்டுவார்கள் என்றுதான் பார்க்கிறோம். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், சகோதரி. எந்தத் துறைமுகத்தில் ஏறி எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறோம் என்பதை முதலில் பாருங்கள். பார்க்கப்போகும் ஊர், செலவு, லீவு, வாந்தி மயக்கம் எல்லாமே அதைப் பொறுத்ததுதான்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. கப்பல் மெதுவாகத்தான் போகும். மணிக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர், அதாவது நம் டவுன் பஸ் வேகம். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் சுமார் 400 கி.மீ. போகும். மும்பையிலிருந்து கோவா அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. சென்னையிலிருந்து திருகோணமலை சுமார் 500 கி.மீ., விசாகப்பட்டினம் இன்னும் கொஞ்சம் தூரம். ஆகவே மூன்று ராத்திரிப் பயணம் என்றால் சென்னையில் ஏறி ஒரே ஒரு ஊரைப் பார்த்துத் திரும்பலாம். லட்சத்தீவு வேண்டுமென்றால் கொச்சியிலோ மும்பையிலோதான் ஏற வேண்டும். சென்னையில் ஏறிக்கொண்டு லட்சத்தீவு கேட்டால், இலங்கையைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் லீவு தீர்ந்துவிடும்.

தம்பி சொல்லும் கரீபியனிலும் இதே கதைதான். புளோரிடாவின் மயாமி துறைமுகத்திலிருந்து பஹாமாஸின் நாசோ சுமார் 300 கி.மீ. படுத்துத் தூங்கி எழுந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். அதனால்தான் அங்கே மூன்று நாள், நான்கு நாள் பயணங்கள் ஓடுகின்றன. பார்படாஸ் மாதிரித் தெற்கே இருக்கும் தீவுகள் மயாமியிலிருந்து 2,500 கி.மீ.க்கும் அப்பால். அவற்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் வரை விமானத்தில் போய், அங்கே கப்பலேறுகிறார்கள். அங்கிருந்து தீவுகள் பக்கம் பக்கம். தினம் ஒரு தீவு பார்க்கலாம்.

ஹூஸ்டன்காரர்களுக்குப் பக்கத்துத் துறைமுகம் கால்வெஸ்டன். காரிலேயே போய்விடலாம். டெக்சாஸ் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அங்கே கூட்டிப்போவது அதனால்தான். ஆனால் அங்கிருந்து மெக்சிகோவின் கோசுமெல் தீவே 1,200 கி.மீ.க்கு மேல். ஒரு வாரப் பயணத்தில் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் வெறும் கடல்தான். கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பிடிக்கும் என்றால் சொர்க்கம். "எப்போ இறங்குவோம்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் பிள்ளை கூட இருந்தால் யோசிக்க வேண்டும்.

எந்தத் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வரும் என்பதற்கு வேடிக்கையான காரணங்கள்கூட உண்டு. புளோரிடாவில் டாம்பா என்றொரு துறைமுகம். அதன் வாசலில் சன்ஷைன் ஸ்கைவே என்ற பாலம், கடல் மட்டத்திலிருந்து 180 அடி உயரத்தில். பெரிய கப்பல்கள் அதன் அடியில் நுழைய முடியாது. பாலத்துக்காகவே அந்த ஊருக்குச் சின்னக் கப்பல்தான் வருகிறது. இன்னொன்று சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். பெரும்பாலான கப்பல்கள் வெளிநாட்டுக் கொடியோடுதான் ஓடுகின்றன. அதனால் நடுவில் ஒரு பஹாமாஸ், ஒரு மெக்சிகோ என்று அந்நிய மண்ணைத் தொட்டுவிட்டு வருகின்றன. விளம்பரத்தில் அது சுற்றுலா. அடியில் இருப்பது நூற்று முப்பது வருடம் தாண்டிய பழைய சட்டம்.

சென்னைக்கு வருவோம். 2022 ஜூன் 4-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினாரே, கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல், அது பிறந்தது பிரான்சில், 1990-ல். அப்போது அதன் பெயர் 'நார்டிக் எம்ப்ரஸ்'. மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நான்கு நாள் பயணம் ஓட்டவென்றே கட்டியது. நடுவில் கை மாறி, பெயர் மாறி, சில வருடம் கியூபாவின் ஹவானாவுக்கும் போய் வந்து, 2021-ல் மும்பைக்கு வந்து சேர்ந்தது. உங்கள் தம்பி சொல்லும் அதே கரீபியன் கடலில் ஓடிய கப்பல்தான் சென்னைத் துறைமுகத்தில் வந்து நிற்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்! அளவில் மட்டும் வித்தியாசம். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' இதைப்போல ஐந்து மடங்கு பெரியது. ஆனால் ஏழாயிரம் பேர் ஏறும் அந்தக் கப்பலில் மாமியார் கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பி வர வழி தெரியாமல் நிற்பதைவிட, 1,800 பேர் ஏறும் கப்பல் மேல் என்பது என் கட்சி.

சென்னைக் கப்பலில் சிக்கல் வேறு. எம்ப்ரஸ் வருடம் முழுக்கச் சென்னையில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். மும்பை, கோவா, லட்சத்தீவுப் பக்கம் உல்லாசப் பயணம் சரிப்படாது. நம் பக்கத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பு இருப்பதால் அந்த மாதங்களில் சென்னைக் கடல் பரவாயில்லை. அதனால்தான் கப்பல் அப்போது கிழக்கே வருகிறது. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் புயல் நம் பக்கம் திரும்பிவிடும், கப்பல் மேற்கே போய்விடும். கரீபியனிலும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். அப்போது போகிறவர்கள், புயல் அவ்வளவாக எட்டிப்பார்க்காத அரூபா, கியூராசோ மாதிரித் தெற்குத் தீவுகளாகப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். தம்பி மே மாதம் என்று சொன்னதில் விவரம் இருக்கிறது.

சென்னையில் கப்பல் நிற்கும் மாதங்களில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். கோடை விடுமுறையில் கப்பல் மும்பையில். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இதில் கூடுதல் தலைவலி. அப்பாவுக்கு லீவு சிப்காட் கம்பெனி காலண்டர்படி. பிள்ளை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு பக்கம் படித்தால் அதற்குக் கர்நாடகத்துத் தசரா விடுமுறை. அக்கம்பக்கத்தில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் இவை ஒன்றோடொன்று ஒட்டி வரும் வருடங்கள் உண்டு. கப்பலின் சென்னைப் பருவமும் ஏறக்குறைய அப்போதுதான் முடியும். இல்லாவிட்டால் சுதந்திர தினம், விநாயகர் சதுர்த்தி ஒட்டிய வார இறுதி. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, கம்பெனியின் அந்த வருட அட்டவணையோடு பொருத்திப் பாருங்கள்.

மும்பைக்குப் போகலாமா? தூரம்தானே என்று ஒதுக்க வேண்டாம். ஓசூரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் போக பெங்களூரு முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும். சில்க் போர்டு மனசு வைத்தால் இரண்டரை மணி நேரம். அதற்குப் பிறகு காத்திருப்பு, விமானம், மும்பை நெரிசல். சென்னைக்குக் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் வழியாகச் சாலையில் 300 கி.மீ. சொச்சம், ஆறு ஏழு மணி நேரம். நேரக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை, பணக் கணக்கில் உண்டு. ஐந்து பேருக்கு விமான டிக்கெட் போட்டால் கப்பலில் ஜன்னல் வைத்த அறை எடுக்கும் காசு கரைந்துவிடும். (ஓசூருக்கே விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரட்டும், அப்போது இந்தப் பத்தியைத் திருத்தி எழுதுகிறேன்.)

கொச்சியை ஓசூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். பெங்களூரு - எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயில் ஓசூர், தருமபுரி வழியாகத்தான் போகிறது. கப்பல் கொச்சியில் ஏற்றிக்கொள்ளும் பயணம் அமைந்தால் பகலில் ரயிலில் போய், ராத்திரி தங்கி, மறுநாள் ஏறலாம். இந்த விஷயத்தில் பாவம் கிருஷ்ணகிரிக்காரர்கள்தான். மாவட்டத் தலைநகரில் ரயிலே கிடையாது.

கப்பல் நிற்கும் ஊர்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, நடுக்கடலில் நிற்குமா? விசாகப்பட்டினத்தில் பயணிகள் கப்பலுக்கென்றே 2023-ல் முனையம் திறந்திருக்கிறார்கள். நேராக நடந்து இறங்கலாம். புதுச்சேரியில் அப்படி இல்லை. 2022-ல் அந்த அரசு அனுமதியே தரவில்லை, எம்ப்ரஸ் கரை தொடாமல் திரும்பியது. 2025-ல் அனுமதி கிடைத்தபோதும் கப்பல் ஆழ்கடலில் நின்றது, பயணிகளைப் படகில்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆடும் படகில் ஏறி இறங்குவது முட்டிவலிக்காரர்களுக்குப் பெரிய சோதனை. மாமியாரின் முழங்காலைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதனால்தான் சொல்கிறேன்.

ஐந்து நாள் லீவு கிடைத்தால் இலங்கை. 2023 ஜூனில் எம்ப்ரஸ் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் வரவேற்கத் திரண்டு வந்தார்கள். அட்டவணையில் அது இருக்கும் வருடம் என்றால் எல்லாருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், இலங்கை விசா விதியையும் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் பயணம் என்றால் அடையாள அட்டை போதும். யாழ்ப்பாணம் மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகு இருக்கிறது, மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள்.

சொல்லப்போனால், கப்பல் நம்மவர்களுக்குப் புதுசா என்ன? 1926-ல் ஓடத் தொடங்கிய ரஜூலா சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போனது. ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தத் தடம் நின்றுபோனது. உல்லாசத்துக்காக யாரும் அதில் ஏறவில்லை, பிழைக்கப் போனார்கள். உங்கள் மாமியாரின் மனதில் இருப்பது அந்தக் கப்பல். அதற்குச் சென்னைத் துறைமுகம்தான் பொருத்தம். கால்வெஸ்டனில் அவருக்கு என்ன ஞாபகம் வரப்போகிறது?

ஆகவே என் யோசனை: மாமியாரோடு சென்னை - விசாகப்பட்டினம் - சென்னை. தம்பியின் அழைப்பை இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அமெரிக்க விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்க வேண்டும். அது பல முறை நுழையும் விசாவாகவும் இருக்க வேண்டும். மெக்சிகோவைத் தொட்டுவிட்டுக் கால்வெஸ்டன் திரும்புவதும் அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைவதுதான். தம்பிக்கும் ஒரு வார்த்தை: எச்-1பி-யில் இருந்து, பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகி, ஐ-797 தாள் மட்டும் கையில் இருந்தால், வக்கீலைக் கேட்காமல் கப்பலேற வேண்டாம். அப்பா அம்மாவைக் குஷிப்படுத்தப் போய் வேலைக்குச் சிக்கல் வந்துவிடக் கூடாது.

பதிவு செய்யும்போது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கான கட்டணம். துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., பணியாளர் அன்பளிப்பு எல்லாம் சேர்த்துக் கடைசியில் வரும் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். மாமியாருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவாக இருக்கும்.

கிளம்பும் நாள் காலையில் ஓசூரிலிருந்து புறப்படுகிற வேலை வேண்டாம். முந்தின நாளே சென்னை போய்விடுங்கள். கிருஷ்ணகிரி மாங்கூழும் கிரானைட்டும் ஏற்றிய கன்டெய்னர் லாரிகளும் அதே சாலையில்தான் துறைமுகத்துக்குப் போகின்றன. கப்பல் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே பதிவு மேசையை மூடிவிடுவார்கள். திரும்பும் நாளும் அப்படித்தான். கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும் பெட்டி கைக்கு வந்து, வெளியே வந்து, வேலூர் தாண்டுவதற்குள் மதியம் ஆகிவிடும். உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கே இரண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், இன்னும் ஒரு நாள் லீவு சேர்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.