தலைசாய்த்த அன்பு

நுழையும்முன்

பிறந்த வீடே குழந்தையின் முதல் உலகம். பிறர் வகுத்த பால் ஒன்றாகவும் தன் உள்ளம் உணரும் பால் வேறொன்றாகவும் இருக்கும் குழந்தைக்கு அவ்வீடு எவ்வாறு துணைநிற்க வேண்டும்? இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

தஞ்சை மாவட்டத்துத் திருப்பனந்தாளில் பாடல்பெற்ற சிவன் கோயில் உள்ளது. தாடகை என்னும் பெண் அங்கு இறைவனுக்கு மாலை சூட்டி வழிபட்டு வந்தாள். ஒருநாள் மாலையைக் கையில் ஏந்தி நின்ற வேளையில் அவளது ஆடை நெகிழ்ந்தது. முழங்கைகளால் ஆடையைப் பற்றிக்கொண்டவளால் கைகளை உயர்த்த இயலவில்லை. அவள் மானம் காக்க இறைவனே திருமுடி சாய்த்து மாலையை ஏற்றான் என்கிறது தலவரலாறு. பெரியவர் குனிந்தால்தான் சிறியவரின் மானம் காக்கப்படும் வேளைகள் உண்டு. ஒரு குழந்தை தன் பாலினம் பற்றிப் பெற்றோரிடம் முதன்முதலாக வாய்திறக்கும் வேளை அத்தகையது.

வீடு இழந்தவர்

மதுரையில் பிறந்தவர் நர்த்தகி நடராஜ். சிறுவயதிலேயே தம்மைப் பெண்ணாக உணர்ந்தவர். அதனாலேயே இளமையில் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர். நாட்டியத்தின்மீது கொண்ட வேட்கை அவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்தது. தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளை அவரை மாணவியாக ஏற்றார். 'நர்த்தகி' என்னும் பெயரையும் சூட்டினார். குருவின் நிழலில் பல்லாண்டுகள் பயின்ற அவர், 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே.

இவ்வெற்றியைப் போற்றுவது எளிது. ஆனால், வீடு செய்திருக்க வேண்டியதை ஓர் ஆசான் செய்தார் என்பதை மறத்தலாகாது. வெளியேறும் குழந்தைகள் அனைவருக்கும் ஒரு கிட்டப்பா பிள்ளை கிடைப்பதில்லை. கல்வி தடைப்பட்டு, பசிக்கும் இழிசொல்லுக்கும் ஆளாவோர் பலர். ஒருவரின் சாதனையைக் காட்டி மற்றவர்களின் இழப்பை மறைப்பது அறமாகாது.

அச்சமும் விடையும்

பெற்றோரின் தயக்கத்திற்குக் காரணம் வெறுப்பு மட்டுமன்று, அச்சமும் உண்டு. 'ஊர் என்ன சொல்லும்? இது அறியாப் பருவத்து மயக்கமாக இருந்தால்?' என்னும் கேள்விகள் அவர்களை வாட்டுகின்றன. இக்கேள்விகளைப் புறந்தள்ள வேண்டியதில்லை. ஆயினும், துணைநிற்றல் என்பது அவசர முடிவெடுத்தல் அன்று. குழந்தை சொல்வதைப் பொறுமையுடன் கேட்பது, அது விரும்பும் பெயரால் அழைப்பது, பள்ளியில் ஏளனத்திற்கு ஆளாகாமல் ஆசிரியரிடம் பேசுவது, தேவையெனில் தக்க மருத்துவரின் அறிவுரையை நாடுவது ஆகியனவே அதன் முதற்படிகள். நாளை குழந்தையின் எண்ணம் மாறினாலும், இவற்றால் அது இழப்பது ஒன்றுமில்லை. அடியும் பூட்டிய அறையும் தரும் காயமோ எளிதில் ஆறாது. நாற்றங்காலில் வாடும் பயிரை நீர் பாய்ச்சிக் காக்கும் உழவர், அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பதில்லை.

இலக்கணமும் சட்டமும்

தமிழ் மரபு இவர்களை மனிதருக்குப் புறம்பாக வைக்கவில்லை. ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் சொற்களையும் தொல்காப்பியம் உயர்திணையிலேயே வைத்துள்ளது. இலக்கணம் உயர்திணை என்றவர்களை 'அது' என்று ஏசுவது மொழிக்கும் அறத்திற்கும் பிழையாகும்.

அரசும் சட்டமும் இவ்வழியில் நடந்துள்ளன. தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கைகள் நலவாரியம் அமைக்கப்பட்டது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை உறுதிசெய்தது. திருநர் என்பதற்காக ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என்கிறது 2019ஆம் ஆண்டின் சட்டம். குழந்தையின் நலன் கருதி நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி இவ்விதி மாறாது. ஆயினும், சட்டம் குழந்தையை வீட்டிற்குள் இருத்தலாம். அவ்வீட்டை அன்புடையதாக்கச் சட்டத்தால் இயலாது. அப்பணி பெற்றோருடையது; உடன்பிறந்தாருடையது; ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் தோழர்களுடையது.

திருப்பனந்தாளில் சாய்ந்த திருமுடியை எவரும் தாழ்வெனக் கருதவில்லை, பெருமையென்றே போற்றுகின்றனர். தம் குழந்தைக்காகத் தலைசாய்க்கும் பெற்றோரையும் ஊர் அவ்வாறே போற்ற வேண்டும்.