துருப்பிடித்த போல்ட்டும் அவசரக் கையும்

நம் கிராமங்களில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த டிராக்டர்கள் இன்றும் ஏராளமாய் ஓடுகின்றன. எஞ்சின் பலம் குன்றாதவை அவற்றுள் அநேகம். ஆயினும் சிறு பழுதுக்காகப் பட்டறைக்குச் சென்ற வண்டி, சென்றதைவிட மோசமான நிலையில் திரும்புவதைப் பலரும் கண்டிருப்பர். இதற்கு வண்டியின் வயதைக் குறை கூறுவது வழக்கம். வயதைக்காட்டிலும் அவசரமே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். அவ்வவசரத்திற்கு மெக்கானிக் மட்டும் பொறுப்பாளியல்லர். அருகில் நின்று அவரைத் துரிதப்படுத்தும் நாமும் பொறுப்பாளிகளே.

என் அநுபவத்தையே சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நாற்றும் தயாராயிருந்த சமயத்தில், என் டிராக்டரின் புகைக்குழாய் கேஸ்கட் எரிந்து புகை கசியலாயிற்று. மாலைக்குள் வண்டி வயலில் இறங்கியாக வேண்டும் என்று நான் கண்டிப்பாய்ச் சொன்னேன். மெக்கானிக் ஸ்பானரின் கைப்பிடியில் நீண்ட குழாயை மாட்டி, துருவேறிய நட்டை ஒரே மூச்சில் திருப்பினார். ஸ்டட் அடியோடு முறிந்தது. முறிந்த துண்டைத் துளையிட்டு எடுக்கையில் துளை கோணி மரையும் கெட்டது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பித் திரும்பப் பெற ஒன்பது நாள் சென்றது. அதற்குள் நாற்று முற்றிவிட்டது. தூர் குறைந்து விளைச்சலும் குறைந்தது. ஓர் இரவு பொறுத்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. பிழை அந்த மெக்கானிக்குடையதன்று, என்னுடையதே.

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகிறது. மரைகளின் இடைவெளியில் அத்துரு ஆப்புப்போல் இறுகி நிற்பதாலேயே நட் அசைய மறுக்கிறது. ஆப்பைத் தளர்த்தாமல் பலத்தைக் கூட்டினால் முறிவது போல்ட்டே. ஆதலின் முதலில் கம்பித் தூரிகையால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை மாலையிலும் இரவிலும் இட்டு, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிவிட வேண்டும். காலையில் நட்டை ஒரு மயிரிழை இறுக்கிப் பார்த்து, பிறகே தளர்த்த வேண்டும். கால் சுற்றுத் தளர்ந்தால் மீண்டும் சிறிது இறுக்கி, எண்ணெய் விட்டு, இவ்வாறு முன்னும் பின்னுமாய்க் கொண்டுவருவதே முறை. அப்படியும் அசையாவிடில் நட்டை மட்டும் சூடேற்றினால் அது விரிந்து பிடி தளரும். ஆனால் டீஸல் டாங்கின் அருகிலும், எண்ணெய் இட்டு ஈரம் உலராத இடத்திலும் நெருப்பைக் கொண்டுபோகலாகாது. திரும்பப் பூட்டும்போது புகைக்குழாய்க்குப் பித்தளை நட் இடுவது நலம், பித்தளை துருப்பிடிப்பதில்லை.

ஸ்பானர் பொருந்தாமையும் ஒரு பெருங்கேடு. பழைய டிராக்டர்கள் பலவற்றில் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று தேசங்களும் 1948-இல் ஒப்புக்கொண்ட பொது மரை அவற்றுள் பலவற்றில் உண்டு. இன்று பட்டறைகளில் இருப்பவையோ பெரும்பாலும் மில்லிமீட்டர் ஸ்பானர்கள். அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீட்டர், அதில் 13 எண் ஸ்பானரை மாட்டினால் இறுகிய போல்ட்டில் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். 9/16 அங்குலத் தலையிலோ 14 எண் ஸ்பானர் நுழையாது. 15 எண் ஆடும். தலை மழுங்கிய போல்ட்டை அதன்பின் உளியால் வெட்டத்தான் நேரும்.

எண்ணெய்க் கசிவு விஷயத்திலும் இதே அவசரம் காணப்படுகிறது. ஈரம் தெரிந்த இடத்திலெல்லாம் போல்ட்டை இறுக்குகிறோம். தகட்டாலான சம்ப் மூடி இதனால் வளைகிறது, கார்க் கேஸ்கட் பிதுங்கிக் கிழிகிறது, கசிவு இரட்டிக்கிறது. எண்ணெய் ஒழுகும் இடம் வேறு, அது புறப்படும் இடம் வேறு. எஞ்சினைக் கழுவி உலர்த்தி, சுண்ணாம்புப் பொடி தூவிச் சிறிது நேரம் ஓடவிட்டால், முதலில் நனையும் இடம் தானே தெரியும். பிரீதர் குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது அடைபட்டால் உள்ளே காற்றழுத்தம் பெருகி, நல்ல ஆயில் சீலையும் மீறி எண்ணெய் வெளிவரும். அப்போது சீலை மாற்றிப் பயனில்லை. டீஸல் பம்புக்கும் நாஸிலுக்கும் இடையிலுள்ள குழாயில் கசிவு இருப்பின் அட்டைத் துண்டால் மட்டுமே சோதிக்க வேண்டும். அவ்வழுத்தத்தில் பீறிடும் டீஸல் தோலைத் துளைத்துக் கையையே இழக்கச் செய்யக்கூடும்.

பருவம் நமக்காகக் காத்திராதே என்று சிலர் வினவலாம். உண்மையே. மேட்டூர் அணை வழக்கமாய்த் திறக்கப்படுவது ஜூன் 12-ஆம் தேதி என்பதை டெல்டாவில் அறியாதார் இல்லை. தண்ணீர் வரும் நாள் தெரிந்திருக்க, வண்டியைப் பங்குனி சித்திரையில் பார்க்காமல் ஆனியில் பார்ப்பது யார் குற்றம்? மேலும், மெக்கானிக்குக் கழற்றிய வேலைக்கே கூலி தருகிறோம். எண்ணெய் இட்டுக் காத்திருந்த நேரத்திற்கு ஒரு காசும் தருவதில்லை. பொறுமைக்குக் கூலி இல்லாதபோது அவர் பொறுமையாயிருப்பார் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் நியாயமாகும்?

ஆதலின் நிலச்சுவான்தார்களுக்கு நான் வேண்டுவது இரண்டு. கோடையிலேயே பழுது பாருங்கள். காத்திருக்கும் இரவுக்கும் கூலி கொடுங்கள். கிராம அதிகாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும் வேண்டுவது ஒன்று. அங்குல ஸ்பானர்கள் ஒரு வரிசை, மரை திருத்தும் டேப்புகள், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று, இவற்றைச் சங்கத்தில் வாங்கிவைத்து இரவல் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தனியொரு குடியானவருக்கு இச்செலவு பாரமாகும், ஊருக்குப் பாரமாகாது. பழைய வண்டி இன்னும் பல போகம் உழும். அதைத் தொடும் கை நிதானமாயிருத்தல் வேண்டும், அவ்வளவே.