ஆள் பார்த்து வரும் உளைச்சல்

நடுரோட்டில் வண்டியிலிருந்து இறங்கி அடிப்பவர் மன உளைச்சலில் இருக்கிறார், அவருக்கு வேண்டியது சிகிச்சையே தவிர தண்டனை அல்ல என்கிறார்கள்.

ஒன்று. உரசியது ஸ்கூட்டர் என்றால் கதவைத் திறந்து பாய்கிறவர், போலீஸ் ஜீப் என்றால் ஏன் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்?

இரண்டு. 1988இல் பாட்டியாலாவில், வழிவிடும் தகராறில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து 65 வயது முதியவரைத் தாக்கினார். முதியவர் இறந்தார். 2018இல் உச்ச நீதிமன்றம் விதித்தது 1000 ரூபாய் அபராதம். ஓராண்டுச் சிறைக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு மேலும் சலுகையா?

மூன்று. அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப வெடிக்கும் சினத்தை மனநல மருத்துவம் ஒரு கோளாறாகவே வகைப்படுத்துகிறது. சரி. அதை மருத்துவர் சொல்லட்டும், வக்கீல் ஏன் சொல்கிறார்?

மன உளைச்சலோடு வண்டி ஓட்டும் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அவர்கள் தலையில் ஏன் இந்தப் பழி?