சாவி கிடைத்தால் வீடு கிடைத்துவிடுமா?



அண்மையில் ஒரு நாள், பள்ளி முடிந்து மாணாக்கர் கலைந்த பின்னும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் பிரிக்கப்படாத சாக்லேட் ஒன்று இருந்தது. ‘என்னம்மா?’ என்றேன். அவள் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது.

“டீச்சர், பெரியவங்க சொன்ன பொய்ய நான் இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னா, பொய் சொன்னது யாரு?”

நடந்தது இதுதான். அவள் குடும்பம் ஜார்ஜ் டவுன் பழைய நகரில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருக்கிறது. ஒட்டியுள்ள வீட்டை ஐரோப்பாவிலிருந்து வந்த முதிய தம்பதியர் சில ஆண்டுகளுக்கு முன் விலைக்கு வாங்கினர். அந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது. மாணவியின் தாய்மாமன் வீடு பழுதுபார்க்கும் தொழில் செய்பவர். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. எனவே மருமகளை அழைத்துச் சென்று விலை பேசியிருக்கிறார். முந்திய வாரம் இதே அளவு வேலைக்கு அதே தெருவில் உள்ள சீனர் கடையில் 1,200 ரிங்கிட் என்று சொன்னவர், இவரிடம் 3,600 ரிங்கிட் என்றார். மாணவி அதை அப்படியே மொழிபெயர்த்தாள். “இதுதான் இங்கே வழக்கமான விலையா?” என்று முதியவர் கேட்க, “ஆமாம் என்று சொல்” என்றார் மாமா. அவளும் சொன்னாள். முதியவர் நன்றி கூறி அவளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். அதைத்தான் தின்னவும் மனமின்றி, எறியவும் மனமின்றிக் கையில் வைத்திருந்தாள்.

அவளுக்கு நான் என்ன விடை சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், அந்த அயல்நாட்டுக்காரரின் பக்கத்தையும் நம் பக்கத்தையும் பார்த்துவிடுவோம்.

அவர் பக்கம்

அடுத்த வாரம் மாணவியின் தாயாரைக் காணச் சென்றபோது அந்த முதியவரையும் கண்டு பேசினேன். மனிதர் மனக்குறைகளைக் கொட்டித் தீர்த்துவிட்டார்.

முதற்குறை, ‘நாளை’ என்ற சொல். குழாய் பழுதுபார்ப்பவர் நாளை என்கிறார். தச்சர் நாளை என்கிறார். கதவு செய்பவரும் நாளை என்கிறார். இவர் காலை எட்டு மணி முதல் வீட்டு வாசலில் காத்திருக்கிறார். நாளை என்பது இங்கே தேதியன்று, ‘இன்று இயலாது’ என்பதை முகம் கோணாமல் சொல்லும் முறை என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது, கடிதங்கள். நில வரி மாநில நில அலுவலகத்திற்கு ஆண்டுக்கு ஒரு முறை. மதிப்பீட்டு வரி மாநகர் மன்றத்திற்கு ஆண்டுக்கு இரு முறை. இரண்டும் ஒன்றே என்று எண்ணி ஒன்றை மட்டும் கட்டிவிட்டு, தண்டம் விதித்த மலாய்க் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் மாதக்கணக்கில் மேசை மீது வைத்திருந்தாராம்.

மூன்றாவது, வீடு. பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். முன்பு இருந்தவர் அதன்மேல் சிமெண்டு பூசிவிட்டார். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சாயம் உரிந்து விழுகிறது. கரையானோ உத்தரத்தில். கூரை ஓட்டிலிருந்து ஒழுகும் நீர் இரு வீட்டிற்கும் பொதுவான சுவரில் இறங்குகிறது. யார் செலவு செய்வது என்பதில் தகராறு. நகரின் மரபுடைமைப் பகுதியில் வீடு இருப்பதால் முகப்பை மாற்றவும் அனுமதி வேண்டும்.

நான்காவது, விதிமுறைகள். ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டம் 2002-இல் தொடங்கியது. 2021-இல் அதன் நிபந்தனைகள் கடுமையாக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து மாதம் 40,000 ரிங்கிட் வருமானமும், 10 இலட்சம் ரிங்கிட் நிரந்தர வைப்புத்தொகையும் கேட்கப்பட்டன. 2024-இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனும் படிநிலைகள் வந்தன. வீடு வாங்குவதும் கட்டாயமாயிற்று. “வீடு என்னுடையது, ஆனால் அதில் நான் வாழும் உரிமை ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்பட வேண்டும்” என்றார் அவர்.

நாமும் சற்று எண்ணிப் பார்ப்போமே. முதல் மூன்று குறைகளும் நமக்கும் உள்ளவையே. நம் வீட்டுக் கூரையும் ஒழுகத்தான் செய்கிறது; நம்மிடமும் நாளை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நமக்கு ஓர் அண்ணன், ஒரு பழைய மாணவர், ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். எவரிடம் கேட்பது, எவ்வளவு கொடுப்பது என்று நமக்குத் தெரியும். அவருக்கோ வீட்டின் சாவி கிடைத்திருக்கிறது. அண்டை அயல் கிடைக்கவில்லை.

நம் பக்கம்

மாணவியின் மாமாவும் அன்று அங்கிருந்தார். நான் மெல்லப் பேச்செடுத்ததும் அவர் சினங்கொள்ளவில்லை. “டீச்சர், நாம இருந்த வீடுங்க. இன்னைக்கு நம்மால அதுல ஒரு அறை வாடகைக்கு எடுக்க முடியுமா? வாங்கினவருக்கு ரெண்டாயிரம் வெள்ளி ஒரு காசா?” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நானே அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள்தான். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்தது. அதனால்தான் பொற்கொல்லரும் மாவு அரைப்பவரும் சலவைத் தொழிலாளியும் நகரின் நடுவில் வாழ முடிந்தது. 1997-இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் வந்து, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. வாடகை ஏறியது, என் தந்தையார் தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் அடுக்ககத்திற்குக் குடிபெயர்ந்தார். நம்மவர் பலரும் அப்படியே போயினர். 2008 ஜூலை 7-ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபோது, மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் எனக்கு இருந்தது. கட்டடங்கள் காக்கப்பட்டன; அவற்றில் இருந்தவர்கள் ஏற்கெனவே கலைந்துவிட்டிருந்தனர். பிள்ளைகள் இல்லாத தெருவில் பள்ளிக்கு மாணவர் எங்கிருந்து வருவர்? ஆசிரியர்களுக்கு இந்த வலி நன்கு தெரியும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. என் தந்தையாரை வெளியேற்றியவர் இந்த முதியவர் அல்லர். சட்டத்தை நீக்கியதும் வீட்டை விற்றதும் இந்நாட்டவரே. அவரிடம் அதிகமாய் வாங்கும் 2,400 ரிங்கிட் என் தந்தையாருக்கோ, வெளியேறிய வேறு எவருக்கோ போய்ச் சேரப்போவதுமில்லை.

கதவுக்குச் சங்கிலி வேண்டாமா?

அயல்நாட்டவர் வீடு வாங்குவதற்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. அது கட்டாயம் வேண்டும். ஜார்ஜ் டவுனைப் பட்டியலில் சேர்த்த அதே 2008 ஆண்டுக் கூட்டத்தில்தான் மெக்சிகோ நாட்டின் சான் மிகுவெல் தே அயெந்தே நகரமும் சேர்க்கப்பட்டது. அமெரிக்கரும் கனடியரும் திரளாகச் சென்று வீடு வாங்கிக் குடியேறிய ஊர் அது. அங்கும் ‘மன்யானா’ என்ற சொல்லுக்கு நாளை என்றுதான் பொருள். அங்கும் அந்த நாளை வருவதேயில்லை என்பது குடியேறியவர்களின் நெடுநாள் புலம்பல். வீட்டு விலை எட்டாமற் போவது உள்ளூர் மக்களின் மனக்குறை.

ஆயினும் அந்நாடு சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. 1917-ஆம் ஆண்டு அரசமைப்பின் 27-ஆம் பிரிவுப்படி, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் அயல்நாட்டவர் நிலத்தை நேரடியாக உடைமையாக்கிக்கொள்ள முடியாது. வங்கி ஒன்றின் பொறுப்பில் அறக்கட்டளையாகவே வீட்டை வைத்திருக்க இயலும். நம் நாட்டிலும் தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவு, அயல்நாட்டவர் நிலம் வாங்க மாநில அரசின் முன் அனுமதியைக் கேட்கிறது. குறைந்தபட்ச விலை வரம்பும் உண்டு.

இவை யாவும் எழுதி வைத்த விதிகள். வருகிறவர் படித்துப் பார்த்து, ஏற்றுக்கொண்டு வருகிறார். இவை போதவில்லை என்றால் நாம் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம். மாநகர் மன்றத்திடம் கேட்கலாம். நகர மையத்தில் எளியவர்க்கு வாடகை வீடு வேண்டும் என்று மனுப் போடலாம். அது ஊர்க்காரரின் உரிமை. ஆனால் கூரை ஓட்டின் விலையில், அதுவும் பதினொரு வயதுப் பெண்ணின் வாய்வழியாக, அந்தக் கணக்கைத் தீர்ப்பது உரிமையாகாது.

என் பாட்டியின் சிவப்பு அட்டை

என் பாட்டி சாகும் வரை சிவப்பு அடையாள அட்டையே வைத்திருந்தார். இந்த மண்ணில் ஏழு பிள்ளைகள் பெற்றும் அவர் சட்டப்படி அயலார்தான். மலாய்க் கடிதம் வந்தால் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஐந்தடியில் காத்திருப்பார். பக்கத்து வீட்டுச் சீனப் பையன் பள்ளி விட்டு வந்ததும் படித்துச் சொல்வான். பாட்டிக்குச் சீனம் தெரியாது. அவனுக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் அரைகுறை மலாய். அவன் ஒரு நாளும் காசு கேட்டதில்லை. ஒரு எண்ணையும் கூட்டிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாட்டிக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

இன்று அந்தப் பையன் இருந்த இடத்தில் என் மாணவி இருக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் நாம் மூன்று மொழிகள் கற்பிக்கிறோம். மூன்று மொழி தெரிந்த பிள்ளைக்கு, தெரியாதவரை ஏமாற்றவும் முடியும்; கைப்பிடித்து அழைத்துச் செல்லவும் முடியும். எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் பாடநூல் சொல்லித்தராது. அவள் அதை வீட்டில் உள்ள பெரியவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள்.

அவளிடம் நான் சொன்ன விடை இதுதான்: “பொய் மாமாவுடையதும்மா. உன் மேல் தவறில்லை. ஆனால் அடுத்த முறை, ‘மாமா, இதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்’ என்று நீ சொல்லலாம். அதற்காக யாராவது உன்னைத் திட்டினால் என்னிடம் வந்து சொல்.”

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று.

1. பணம் பேசும் இடத்தில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள். கடிதம் படித்துச் சொல்லட்டும், வழி காட்டட்டும். விலை பேச வேண்டா.

2. விலையைத் தாளில் எழுதிக் கொடுங்கள். எழுதிய விலை எல்லார்க்கும் ஒரே விலையாகிவிடும்.

3. அண்டை வீட்டில் அயல்நாட்டவர் இருந்தால், ஒரு நாளாவது பேசிப் பாருங்கள். அவரும் நம் மொழியில் நான்கு சொல், மலாயில் நாற்பது சொல் கற்கட்டும். அது அவர் கடமை.

மாணவியின் தாயார் அன்றே தம்பியிடம் பேசினார். என்ன பேசினார், விலை எவ்வளவு குறைந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் மறுவாரம் மாமா முதியவரிடம் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். ஓடு இவ்வளவு, மரம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று வரிவரியாக எழுதிய தாள். வேலைக்கும் ‘நாளை’ என்று சொல்லாமல் ‘சனிக்கிழமை காலை’ என்று சொன்னாராம். சனிக்கிழமை வந்தும்விட்டாராம்!

சாக்லேட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகவே வந்து, “டீச்சர், தம்பியும் நானும் பாதி பாதியா சாப்பிட்டோம்” என்றாள்.

சிந்திப்போம், அன்பர்களே. மீண்டும் சந்திப்போம்.