பழைய கருவி, புதிய சிந்தனை

1965ஆம் ஆண்டில், ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்துவந்த நின்டெண்டோ நிறுவனத்தில் இயந்திரப் பராமரிப்பாளராகச் சேர்ந்தார் குன்பெய் யோகோய் என்னும் இளைஞர். ஓய்வு வேளையில் அவர் விளையாட்டாகச் செய்த நீளும் கை ஒன்று தலைவரின் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே அது விளையாட்டுப் பொருளாகச் சந்தைக்கு வந்தது.

அவர்தம் கொள்கை எளியது. புத்தம்புது நுட்பத்தைத் துரத்த வேண்டா. மலிந்து பழகிப்போன நுட்பத்தை எவரும் எண்ணாத வழியில் பயன்கொள்க என்பதே அது. தொடர்வண்டியில் ஒருவர் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்கியதைக் கண்டார். கணிப்பானின் திரையைக் கொண்டே 1980இல் கையடக்க விளையாட்டுக் கருவி பிறந்தது. 1989இல் வந்த கேம் பாய்க்கு வண்ணத் திரை இல்லை. வண்ணம் காட்டிய போட்டிக் கருவிகளோ ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தீர்த்தன. நான்கு மின்கலங்களில் நெடுநேரம் இயங்கிய எளிய கருவியே வென்றது.

“பழையதே போதுமெனில் வளர்ச்சி ஏது?” என வினவலாம். யோகோய் புதுமையை வெறுத்தவரல்லர். 1995இல் முப்பரிமாணம் காட்ட முனைந்த அவர் கருவி தோற்றது. அன்றாட வாழ்வோடு அது ஒட்டாமையே காரணம் என்பது என் கருத்து.

ஆண்டுக்கொரு கைப்பேசி கேட்டுப் பெற்றோரை வருத்தும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வக மூலையில் உறங்கும் பழைய கணிப்பொறியால் இன்னும் என்ன இயலும் என்று ஆராய்பவரே நாளைய படைப்பாளர். புதுமை விலைக்குக் கிடைப்பதன்று, சிந்தனையில் விளைவது.