ஜீவகாருண்யமும் ஆட்டுத் தொட்டியும்

நம் நாட்டில் ஜீவகாருண்யம் என்கின்ற பேச்சு எங்கு எழுந்தாலும் அது “கறி தின்னலாமா, கூடாதா” என்கின்ற சண்டையில் போய்த்தான் நிற்கின்றது. தின்னாதவர் தம்மை உயர்ந்தவராக எண்ணிக் கொள்ளவும், தின்கின்றவர் “எங்கள் சோற்றில் இவர்களுக்கு என்ன வேலை” என்று கோபித்துக் கொள்ளவுமாகப் பொழுது போய்விடுகின்றது. சாகப் போகின்ற ஆடு எப்படிக் கொண்டு வரப்படுகின்றது, எப்படி அறுக்கப்படுகின்றது என்பதைப் பற்றி இரு கட்சியாருக்கும் கவலை இல்லை. மாமிசம் புசிப்பதை நாம் கண்டிக்க வரவில்லை. புசிக்கின்றவர்களுக்கே இதில் அதிகப் பொறுப்பு உண்டு என்றுதான் சொல்லுகின்றோம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பெரும்பாலும் மானாவாரிச் சீமை. மழை பொய்த்த வருஷத்தில் ஏழைக் குடும்பத்திற்கு ஆடுதான் பாங்கி. 2011இல் சர்க்கார் ஏழைப் பெண்களுக்கு நாலு ஆடு கொடுக்கும் திட்டம் போட்டதும் அது தெரிந்துதான். அந்த ஆட்டைப் பெண்டுகள் பிள்ளை மாதிரி வளர்க்கின்றார்கள். சந்தையில் கைமாறின நிமிஷமே அது உயிரில்லாத சரக்காகி விடுகின்றது. காலைச் சேர்த்துக் கட்டி, தலை தொங்க மோட்டார் சைக்கிளில் போட்டுக்கொண்டு போகின்றதையும், கோழிகளைத் தலைகீழாகக் கொத்தாய்த் தொங்கவிட்டுக்கொண்டு போகின்றதையும் காணாத தோழர் யார்? பிறகு கடை வாசலில் ஒன்றை அறுக்க, கட்டிப் போட்ட மற்றொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றது.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், தாராளமாய் இருக்கின்றது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2001இல் அறுப்புக்கூடங்களுக்கென்றே விதிகள் செய்தார்கள். நகராட்சி எல்லைக்குள் அனுமதி பெற்ற கூடத்தில் தவிர அறுக்கக்கூடாது. வண்டியிலிருந்து ஆடுமாடு இறங்கச் சரிவுமேடை வேண்டும். கால்நடை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். அவரும் மணிக்குப் பன்னிரண்டுக்கு மேல் பார்க்கக்கூடாது. சினையாய் இருப்பதை அறுக்கக்கூடாது. அறுக்குமுன் 24 மணி நேரம் இளைப்பாற விட வேண்டும். ஒன்றின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கக்கூடாது. இத்தனையும் காகிதத்தில் சுகமாய் இளைப்பாறுகின்றன.

“சாகிற ஆட்டுக்கு எதற்கு உபசாரம்” என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு அவர்கள் வயிற்றைக் கொண்டே பதில் சொல்லலாம். பட்டினியாலும் அலைச்சலாலும் பயத்தாலும் மிருகத்தின் தசையிலுள்ள சர்க்கரைச் சத்து செலவழிந்து போகின்றது. அது போய்விட்டால் அறுத்த பின் கறியில் இயல்பாய் உண்டாக வேண்டிய புளிப்பு உண்டாவதில்லை. கறி கறுத்து, விறைத்து, சீக்கிரம் கெடுகின்றது. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்கின்ற அம்மையார், மாடு போகும் வழியில் தாமே நடந்து, அதன் கண்ணுக்கு என்ன தெரிகின்றதென்று பார்த்தார். தொங்குகின்ற சங்கிலி, தரையில் விழுகின்ற நிழல், மினுங்குகின்ற தண்ணீர், இவைதான் மாட்டை மிரட்டி நிறுத்துகின்றன என்று கண்டார். அவற்றை நீக்கினால் தடி வேண்டியதில்லை. புராணம் ஒன்றும் படிக்காமல், கண்ணைத் திறந்து பார்த்து வந்த காருண்யம் இது.

நம் நாட்டிலோ சட்டமே மதத்தைக் கண்டதும் வாயைப் பொத்திக் கொள்கின்றது. எந்த மதத்தாராயினும் தம் மதம் வேண்டுகின்ற முறையில் கொன்றால் குற்றமில்லை என்று 1960 சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்லுகின்றது. கோயில் பலியைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1950இல் ஒரு சட்டம் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தூங்கிய அதை 2003இல் சர்க்கார் எழுப்பிற்று. 2004இல் அதே சர்க்கார் ரத்தும் செய்தது. அந்த அமளியில் சாமிக்கு என்ன ஆகும், வழக்கத்துக்கு என்ன ஆகும் என்றுதான் பெரிய பேச்சு. ஆட்டின் வலி பேச்சில் வரவேயில்லை. சாமிக்கு வெட்டினாலும் கடைக்கு வெட்டினாலும் அதற்குக் கழுத்து ஒன்றுதானே!

அறுக்கின்ற தொழிலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறியை ருசித்துத் தின்றுவிட்டு, அறுத்தவனை இழிவாய்ப் பார்க்கின்ற யோக்கியர்கள் நம்மில் அநேகர். வெளிச்சமும் தண்ணீரும் நல்ல கத்தியும் பழக்கமும் கொடுக்காமல் அவனைக் கொடியவன் என்பது அயோக்கியத்தனம்.

பெரம்பலூர், அரியலூர்த் தோழர்கள் தங்கள் நகராட்சி அங்கத்தினரைக் கண்டு கேட்கட்டும்: நம் ஊர் ஆட்டுத் தொட்டியில் சரிவுமேடை உண்டா? தண்ணீர்த் தொட்டி நிரம்பி இருக்கின்றதா? மறைப்புச் சுவர் எழுப்பியாயிற்றா? டாக்டர் எத்தனை மணிக்கு வருகின்றார்? பதில் சொல்லத் தெரியாதவரைக் கையோடு விடியற்காலை நாலு மணிக்கு அங்கே அழைத்துக்கொண்டு போகட்டும்.