சேற்றுக் குட்டையை அழகாக்க வேண்டாம்

சாலமாண்டரின் படத்தைப் பார்த்தால் பல்லி என்றுதான் தோன்றும். ஆனால் அதற்குச் செதில் கிடையாது, ஈரத்தோல்தான். முட்டையிடுவதும் தண்ணீரில். குஞ்சு, கழுத்தோரம் இறகு போன்ற செவுள்களோடு நீந்தும். தவளைக்கு உறவு, வளர்ந்த பிறகும் வால் மறையாத உறவு. மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருந்தும், காட்டுச் சாலமாண்டர் ஒன்றுகூட இல்லை. நமக்கு அருகில் என்றால் வட தாய்லாந்து மலைகளில் உண்டு.

இந்தியாவின் டார்ஜிலிங் மலையிலும் சாலமாண்டர் வாழ்கிறது. குளிர்காலம் முழுவதும் கல்லுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் அசையாமல் கிடக்கும். மழை தொடங்கியதும் நடந்தே நீருக்கு வரும். செடிகளில் முட்டைகளை ஒட்டி வைக்கும். மழைக்காலம் ஓய்ந்தால் மறுபடி கரையேறிவிடும். அதற்குப் பெரிய ஏரி தேவையில்லை. ஆழமற்ற, புல் மண்டிய, மீன் இல்லாத குட்டை போதும். மீன் இருந்தால் முட்டையும் மிஞ்சாது, குஞ்சும் மிஞ்சாது.

இந்தப் பிராணிக்காக 1985இல் அங்கே ஜோர்போக்ரி சரணாலயம் அமைக்கப்பட்டது. பரப்பு 0.04 சதுர கிலோமீட்டர், அதாவது ஐந்தாறு கால்பந்துத் திடல்கள். நல்ல காரியம்தான், ஆனால் போதாது என்பேன். சாலமாண்டர் வேலியைப் பார்த்து நடப்பதில்லை. வெளியே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவிலும் குட்டைகள் உண்டு. மண் கொட்டி அவற்றை மூடுவது ஒரு கேடு. அழகுபடுத்துவது இன்னொரு கேடு; அது நல்லெண்ணத்தோடு வருவதால் யாரும் தடுப்பதில்லை. கரைக்குச் சிமெண்டு பூசி, புல்லைப் பிடுங்கி, வண்ண மீன் விட்டால் பார்க்க அழகுதான். முட்டை ஒட்டச் செடி எங்கே? ஏறி இறங்க மண்கரை எங்கே?

கோலா பிலாவில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்கிறீர்களா? உலு பெண்டுல் காட்டோரத்திலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் மழைக்குப் பின் தேங்கும் குட்டைகளை நம்பித்தான் பல தவளைகள் இனம் பெருக்குகின்றன. "டிங்கி வருமே" என்று அம்மா சொல்வார். நியாயமான பயம். ஆனால் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றிக் கிடக்கும் டயர், வாளி, பூச்சாடித் தட்டு இவற்றில்தான் முட்டையிடும். உயிருள்ள குட்டையிலோ கொசுப்புழுவைத் தின்னத் தட்டான் குஞ்சுகள் காத்திருக்கும்.

அடுத்த கோத்தோங் ரோயோங்கில் டயரையும் தகரத்தையும் தாராளமாக அள்ளுங்கள். குட்டையை மூட மண்வெட்டி எடுப்பதற்கு முன் மட்டும் கொஞ்சம் குனிந்து பாருங்கள், தலைப்பிரட்டைகள் இருக்கலாம்.